எலெக்ட்ரிக் காருக்கு அரை ஸ்பூன் மஞ்சள் தூள்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் என் எலெக்ட்ரிக் காருக்கு மஞ்சள் தூள் போட்டேன்.

மேலே இல்லை. பொட்டு வைக்கவில்லை. உள்ளே. பானெட்டைத் திறந்து, அங்கே இருந்த ஒரு மூடியைத் திருகி, சமையலறை ஸ்பூனால் அளந்து... அரை ஸ்பூன். ரசத்துக்குப் போடுகிற அளவு. போட்டுவிட்டு, என் வழக்கமான இடது கையால் ஒரு கலக்குக் கலக்கினேன்.

சிரித்து முடித்தாயிற்றா? சரி, ஏன் போட்டேன் என்று சொல்கிறேன். சொன்ன பிறகு இன்னும் கொஞ்சம் சிரிப்பீர்கள்.

இதே பக்கத்தில் சில மாதங்களுக்கு முன்பு நான் பீற்றிக்கொண்டது உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். 'எலெக்ட்ரிக் காரில் ஆயில் கிடையாது, தண்ணீர் கிடையாது, தலைவலியும் கிடையாது' என்று எழுதினேன். அதை யாராவது வெட்டி வைத்திருந்தால் தயவுசெய்து கிழித்துவிடுங்கள். மூன்றும் உண்டு. மூன்றாவது தாராளமாக உண்டு.

கார் என்னுடையது என்று சொன்னேன் இல்லையா? அதுவும் பொய். பணம்தான் என்னுடையது. கார் என் மனைவி திலகவதிக்காக வாங்கியது. ஐம்பத்தோரு வயதில் லைசென்ஸ் எடுத்தவள். கியர் இல்லாத வண்டிதான் வேண்டும் என்றாள், வாங்கினோம். அவளுடைய அக்கா இருப்பது திருப்புட்குழியில். அக்காவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகி, வாரம் இரண்டு நாள் எங்கள் காஞ்சிபுரத்துக்கு வந்து காலை மடக்கி நீட்டும் பயிற்சி செய்ய வேண்டும். திலகா தானே காரில் போய், அக்காவை முன் சீட்டில் காலை நீட்டி உட்கார வைத்து அழைத்து வருவாள். திரும்பக் கொண்டுபோய் விடுவாள். அந்த இரண்டு நாட்களும் அவள் நடையே வேறு மாதிரி இருக்கும்.

நான் கூடப் போனால் மட்டும் சின்னப் பிரச்சினை. பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு, இல்லாத பிரேக்கைக் காலால் அழுத்திக்கொண்டே வருவேன். "லாரி வருது... லெஃப்ட்ல ஒடி... பிரேக் பிரேக்..." இதை நான் வழிகாட்டுதல் என்பேன். அவள் வேறு பெயர் வைத்திருக்கிறாள். பத்திரிகையில் போட முடியாது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஸ்டியரிங்குக்குப் பின்னால் மஞ்சளாக ஒரு விளக்கு எரிந்தது. கூலன்ட் குறைந்துவிட்டதாம்.

கூலன்ட்டா? எனக்கும் அன்றுதான் தெரிந்தது. ஓட ஓட பேட்டரியும் மோட்டாரும் சூடாகும். சார்ஜ் ஏற்றும்போதும் சூடாகும். அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு போய் வெளியே விட, வண்டி முழுக்கக் குழாய் குழாயாக ஒரு ரோஸ் நிறத் திரவம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அது எங்கேயோ ஒழுகுகிறது.

எங்கே? அதுதானே கேள்வி!

துப்பறியும் ஆசை யாருக்குத்தான் இல்லை? பெரிய அட்டைப் பெட்டியைப் பிரித்து காருக்கு அடியில் விரித்தேன். முதல் நாள் இடது டயர் பக்கம் ஒரு சொட்டு. அடுத்த நாள் நடுவில் ஒரு சொட்டு. மூன்றாம் நாள் ஒன்றுமே இல்லை. நான்காம் நாள் அட்டை மேல் பக்கத்து வீட்டுப் பூனை தூங்கிக்கொண்டிருந்தது. ஆனால் கூலன்ட் டேங்க்கில் மட்டம் மட்டும் தினம் இறங்கியது. நானும் தினம் எங்கள் போர் தண்ணீரைப் பிடித்து ஊற்றினேன். அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது. கார் ஓடாதா என்ன?

ஒழுகுகிற இடம் தெரியவில்லையே தவிர, குற்றவாளி யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முந்தின வாரம்தான் திருப்புட்குழி போகிற வழியில், முசரவாக்கம் ஸ்பீட் பிரேக்கரில் திலகா கொஞ்சம் வேகமாக ஏற்றி, வண்டியின் அடி 'டொம்' என்று தட்டியது. பக்கத்தில் நான் இருந்தேன். என் கால் பிரேக்கில் இருந்தது... அதாவது, இல்லாத பிரேக்கில்.

"அன்னிக்கி அடிச்சியே, அதான். அடியில ஓட்டை போட்டுட்ட" என்று சொன்னேன்.

அதோடு நிறுத்தினேனா? நான் இந்த வண்டியை எப்படிப் பார்த்துக்கொள்கிறேன் தெரியுமா என்று ஆரம்பித்தேன். ஆயுத பூஜைக்கு நானே கழுவி, நானே மஞ்சள் பட்டை போட்டு, முன்னால் இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டியதைச் சொன்னேன். கயிறு அவிழ்ந்துவிடும் என்று கம்பி வைத்துக் கட்டியதையும் சொன்னேன். ஹைவேயில் போனபோதுகூட அந்த வாழைக்கன்று அசையவில்லையே... அப்படிப் பார்த்துக்கொண்ட வண்டியை இப்படி...

திலகா சாவியை எடுத்துக்கொண்டு போய் காலண்டர் ஆணியில் மாட்டினாள். அடுத்த நாள் ஷேர் ஆட்டோவில் வேலைக்குப் போனாள். அதற்கடுத்த நாளும்.

அவள் வேலையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். ஒரு பட்டு நெசவாளர் சொசைட்டியில், நெய்து வரும் சேலைகளைச் சரிபார்ப்பவள். சேலையை விளக்குக்கு எதிரே விரித்துப் பிடித்து, உள்ளங்கையால் தடவிக்கொண்டே வருவாள். எங்கேயாவது ஓர் இழை விட்டுப்போயிருந்தால் கை நிற்கும். நின்ற இடத்தில் ஒரு சிவப்பு நூலைக் கட்டுவாள். பிறகு நெய்தவரைக் கூப்பிட்டு, அவர் கண்ணாலேயே பார்க்க வைப்பாள். அவர் பார்த்த பிறகுதான் குறை என்று எழுதுவாள். சிவப்பு நூல் கட்டாமல் யாரையும் அவள் ஒரு சொல் சொன்னதில்லை.

நான்? அட்டை மேல் தூங்கிய பூனையை வைத்துக்கொண்டு தீர்ப்பே எழுதிவிட்டேன்.

கம்பெனி சர்வீஸ் சென்டரில் பத்து நாள் கழித்து வரச் சொன்னார்கள். பத்து நாளா? டீக்கடையில் புலம்பினேன். பக்கத்தில் ஒரு பழைய லாரி டிரைவர் இருந்தார். ரேடியேட்டர் ஒழுகினால் ஒரு பிடி மஞ்சள் தூள் போட்டால் போதும், போய் அடைத்துக்கொள்ளும், அதோடு பம்பாய் வரைக்கும் போய் வந்திருக்கிறேன் என்றார். லாரிக்கு ஒரு பிடி என்றால், காருக்கு அரை ஸ்பூன். கணக்கில் நான் எப்போதும் கெட்டிக்காரன்.

சனிக்கிழமை காலை, திலகா குளிக்கப் போன நேரம் பார்த்துப் போட்டேன். தண்ணீரும் ஊற்றினேன். தெருவை ஒரு சுற்றுச் சுற்றினேன். மஞ்சள் விளக்கு அணைந்திருந்தது! சரி பண்ணிவிட்டேன் என்று வீட்டுக்குள் போய் அறிவித்தேன். எப்படி என்று கேட்டாள். அனுபவம் என்றேன்.

அவள் என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு எஸ்தருக்கு போன் போட்டாள்.

எஸ்தர் யார் என்று சொல்ல வேண்டும். ஒரகடம் பக்கம் கார் ஃபேக்டரியில் எட்டு வருடம் வேலை பார்த்துவிட்டு, முசரவாக்கம் போகிற ரோட்டில் சொந்தமாக ஷெட் போட்டிருக்கும் மெக்கானிக். எலெக்ட்ரிக் வண்டி மட்டும்தான் பார்ப்பார். அவருடைய கல்யாணத்துக்கு வெள்ளைப் பட்டு பார்த்துக் கொடுத்தது திலகா. வெள்ளையில் ஒரு சின்னக் குறைகூட ஒளிய முடியாது. மூன்று சேலைகளைத் தள்ளிவிட்டு நான்காவதைத்தான் கொடுத்தாள். அன்றிலிருந்து எஸ்தருக்கு இவள் அக்கா.

"எம்மேல பழி இருக்குது. ஓட்டை எங்கன்னு நானே பாக்கணும்" என்று சொல்லி திலகாவும் வண்டியில் ஏறினாள். பின் சீட்டில். நான் ஓட்டினேன். பாதி வழியில் மஞ்சள் விளக்கு மறுபடி எரிந்தது. ஸ்பீட் பிரேக்கரில் நத்தை மாதிரி ஏறி இறங்கினேன், ஒரு பாடமாக இருக்கட்டும் என்று.

எஸ்தர் வண்டியை அணைக்கச் சொல்லி, ஆற விட்டு, கையுறை போட்டு, எதையோ கழற்றி மின்சாரத்தைத் துண்டித்த பிறகுதான் டேங்க் மூடியைத் திறந்தார். உள்ளே பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி உள்ளே பார்த்தார்.

"இன்னா சார் ஊத்தினீங்க?"

"தண்ணி."

"தண்ணி ஏன் சார் மஞ்சளா இருக்குது?"

நான் ஷெட்டின் கூரையைப் பார்த்தேன். நல்ல கூரை. புதிது.

"காலையில மஞ்சத்தூள் டப்பா மூடி தொறந்து கெடந்துச்சு" என்றாள் திலகா.

அதற்கப்புறம் எஸ்தர் எனக்கு நடத்திய வகுப்பைச் சுருக்கித் தருகிறேன். லாரி ரேடியேட்டருக்கு வாய் பெரிசு, எதைப் போட்டாலும் முழுங்கிவிடும். இந்தக் காரில் பேட்டரிக்கு அடியில் கூலன்ட் போகிற வழி மிகவும் குறுகல். மஞ்சள் தூள் ஓட்டையைத் தேடிப் போய் அடைக்காது, நல்ல வழியைத்தான் அடைக்கும். அடைத்தால் பேட்டரி சூடேறும். போர் தண்ணீரில் இருக்கிற உப்பு வேறு உள்ளே எல்லாவற்றையும் அரிக்கும். இதற்கென்றே இருக்கிற திரவத்தைத் தவிர வேறு எதையும் ஊற்றவே கூடாது.

"கரன்ட்டு போற அந்த ஆரஞ்சு ஒயர் பக்கத்துல கைய வச்சிக்கினா சார் கலக்கினீங்க? கொஞ்சம் தள்ளி பட்டிருந்தா, அடுத்த வாரம் உங்க பக்கத்துல வேற யாராவதுதான் எழுதிக்கினு இருப்பாங்க."

வாசகர்களே, உங்களுக்கு அது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று நான் கேட்கப் போவதில்லை.

பிறகு ஆரம்பித்தது வேட்டை. டேங்க் வாயில் ஒரு சின்னக் கைப் பம்பைப் பொருத்தி, காற்றை அழுத்தினார் எஸ்தர். அதில் அழுத்தம் காட்டும் ஒரு முள். ஏறியது, நின்றது, பிறகு மெல்ல மெல்ல இறங்க ஆரம்பித்தது. காற்று எங்கேயோ போகிறது! அதாவது ஓட்டை உண்டு, உயிரோடு இருக்கிறது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. திலகா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

ஷட்டரை இறக்கினார்கள். நடுப்பகலில் ஷெட்டுக்குள் கும்மிருட்டு. எஸ்தர் ஒரு ஊதா டார்ச்சை எடுத்தார். அந்த வெளிச்சத்தில் சில சாயங்கள் பளிச்சென்று ஒளிரும், ஒழுகுகிற இடம் காட்டிக்கொடுத்துவிடும். டார்ச்சைக் காரின் முகத்தில் அடித்தார்.

கார் முழுக்க ஒளிர்ந்தது!

பானெட்டில் பட்டை பட்டையாக, கண்ணாடி ஓரத்தில் புள்ளி புள்ளியாக, நம்பர் பிளேட்டைச் சுற்றி, விளக்குகளைச் சுற்றி... இத்தனை ஓட்டையா? நெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். திலகா விரலால் ஒரு பட்டையைத் தொட்டு முகர்ந்து பார்த்தாள். என்னுடைய ஆயுத பூஜை மஞ்சள். கழுவியும் போகாமல் மிச்சம் இருந்தது. அந்த டார்ச்சுக்கு மஞ்சளும் ஒளிரும் என்று எஸ்தருக்கே அன்றுதான் தெரிந்ததாம்.

ஈரத் துணியால் காரின் முகத்தைத் துடைத்துவிட்டு, வண்டியை லிஃப்ட்டில் தூக்கினார். அடியில் ஒரு பெரிய கறுப்புத் தட்டு, பாய் விரித்தது போல. எஸ்தர் அதைத் தடவிப் பார்த்தார். ஒரு முனையிலிருந்து மறு முனை வரை.

"அக்கா, இதுல ஒரு கீறல்கூட இல்லக்கா. ஸ்பீட் பிரேக்கர்ல இது தட்டியே இருக்கலாம். ஆனா ஒண்ணும் ஆகல."

திலகா என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை.

தட்டைக் கழற்றினார்கள். அதில் ஒரு கரண்டி அளவு கூலன்ட் தேங்கி நின்றது. டார்ச்சை அடித்ததும் பச்சையும் மஞ்சளுமாக ஜொலித்தது. மேலிருந்து விழுகிற சொட்டு இந்தத் தட்டில் தேங்கி, வண்டி நிற்கிற சாய்வுக்கு ஏற்றபடி அன்றன்றைக்கு ஒரு பக்கம் வழிந்திருக்கிறது. என் அட்டைப் பெட்டி தினம் ஒரு கதை சொன்னது அதனால்தான்.

ஆனால் எனக்கு வேறு ஒன்று பிடிபட்டது. "ஒளிருதே... அது என் மஞ்சள்தானே?"

எஸ்தர் கொஞ்சம் யோசித்தார். வழக்கமாகத் தானே ஒரு சாயத்தை ஊற்றி, அது சுற்றி வரும்வரை அரை மணி நேரம் காத்திருப்பாராம். "இன்னிக்கி அந்த வேல மிச்சம்தான் சார்" என்று ஒப்புக்கொண்டார்.

எப்படி இருக்கிறது? ஷெட்டில் ஒரு நாற்காலி இருந்திருந்தால் ஏறி நின்றிருப்பேன். என் அரை ஸ்பூன் முட்டாள்தனம் ஓட்டைக்கு வழிகாட்டிவிட்டது! இந்த வாரப் பத்தியின் தலைப்புகூடத் தோன்றிவிட்டது. மொத்தம் மூன்று நிமிடம் நான் ஒரு விஞ்ஞானியாக இருந்தேன்.

எஸ்தர் சொட்டைப் பிடித்துக்கொண்டு மேலே போனார். முன் பம்பருக்குப் பின்னால் குழாய்கள் ஒன்றோடொன்று நெருக்கிக்கொண்டிருந்தன. எல்லாமே ஈரம், எல்லாமே ஒளிர்ந்தது. எதிலிருந்து என்று தெரியவில்லை. துடைத்தார், பம்ப் அடித்தார், பார்த்தார். மறுபடி ஈரம்.

"நான் பாக்கட்டா?" என்றாள் திலகா.

எஸ்தர் ஒரு கையுறையைக் கொடுத்தார், டார்ச்சையும் கொடுத்தார். திலகா குழாய்களுக்குப் பின்னால் வெளிச்சத்தை வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக விரலால் தடவிக்கொண்டே வந்தாள். சேலை பார்க்கிற அதே வேகம். அவசரமே இல்லை. நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். எஸ்தரும்தான்.

கை நின்றது.

ஒரு கறுப்பு ரப்பர் குழாய். அதில் ஊசி குத்தினது போல ஓர் ஈரப் புள்ளி. எஸ்தர் பம்ப் அடித்தார். புள்ளி வீங்கியது, சொட்டானது, விழுந்தது. பிடித்துவிட்டோம்! நான்தான் கை தட்டினேன். வேறு யாரும் தட்டவில்லை என்பதைக் கொஞ்சம் தாமதமாகக் கவனித்தேன்.

திலகா தன் பையைத் திறந்து ஒரு சிவப்பு நூலை எடுத்தாள். அந்தப் புள்ளிக்குப் பக்கத்தில் குழாயைச் சுற்றிக் கட்டினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"வந்து பாருங்க."

போய்ப் பார்த்தேன். குழாயைச் சுற்றி ஒரு துருப்பிடித்த கம்பி இறுக்கமாக முறுக்கப்பட்டிருந்தது. வண்டி ஓட ஓட, அந்தக் கம்பி ரப்பரைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்து உள்ளே போயிருந்தது. கம்பி நுனியில் காய்ந்துபோன நார் ஒன்று தொங்கியது.

ஃபேக்டரியில் இப்படி ஒரு கம்பி வராது, யாரோ சுற்றியிருக்கிறார்கள் என்றார் எஸ்தர். நான் உடனே, ஷோரூமில் யாராவது... டெலிவரி கொடுக்கும்போது... அங்கே இருக்கிறவர்களும் மனிதர்கள்தானே... என்று ஆரம்பித்தேன்.

"எஸ்தர், முறுக்கு எந்தப் பக்கம் போகுது பாரு" என்றாள் திலகா.

எஸ்தர் குனிந்து பார்த்தார். "இடது பக்கம்க்கா."

நாளெல்லாம் நூலின் முறுக்கைப் பார்க்கிறவள் அவள். எங்கள் வீட்டில் கொடிக் கம்பி, பூந்தொட்டிக் கம்பி, கேட்டில் தொங்கும் லெட்டர் பாக்ஸ் கம்பி எல்லாமே இடது பக்கம் முறுக்கியவை. முறுக்கிய கை அப்போது என் பேன்ட் பாக்கெட்டுக்குள் ஒளிந்துகொண்டிருந்தது.

ஞாபகம் வந்துவிட்டது. ஆயுத பூஜை அன்று, வாழைக்கன்று நிற்க ஒரு பிடிமானம் வேண்டும் என்று பம்பரின் கீழ் வாய்க்குள் கையை விட்டுத் துழாவினேன். கறுப்பாக, உருண்டையாக, உறுதியாக ஒன்று தட்டுப்பட்டது. காருக்கு எலும்பு போல ஏதோ ஒன்று என்று நினைத்துச் சுற்றிக் கட்டினேன். கன்று வாடியதும் இழுத்துப் பிடுங்கினேன். கன்று வந்தது. கம்பி வரவில்லை. ஹைவேயில்கூட அசையாத கட்டு ஆயிற்றே... எப்படி வரும்?

வீட்டில் எது உடைந்தாலும் நாம் முதலில் தேடுவது எதை? உடைந்த இடத்தையா? இல்லை, ஆளை. ஆள் கிடைத்துவிட்டால் இடம் தேடும் வேலை மிச்சம். அந்த ஆள் வீட்டிலேயே கிடைத்தால் அலைச்சலும் மிச்சம். நான் பதினோரு நாள் சௌகரியமாக இருந்தேன்.

எஸ்தர் அதே அளவில் புதுக் குழாய் வெட்டிப் பொருத்தி, இரண்டு பக்கமும் கிளாம்ப் போட்டு இறுக்கினார். பழைய கூலன்ட்டை வடித்தார். முதல் அலசலில் சாம்பார் மாதிரி வந்தது, இரண்டாவதில் ரசம், மூன்றாவதில் யாரோ அவசரத்தில் போட்ட எலுமிச்சை ஜூஸ். நான்காவது அலசலில்தான் கண்ணாடி போலத் தெளிந்தது. சரியான திரவத்தை ஊற்றி, உள்ளே மாட்டிய காற்றுக் குமிழிகளை வெளியேற்றி, மறுபடி பம்பைப் பொருத்தினார். நாங்கள் மூன்று பேரும் அந்த முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். முள் அசையவில்லை. வண்டியை ஆன் செய்தார். மஞ்சள் விளக்கு இல்லை. தேர் நிலைக்கு வந்து சேர்ந்தது போல எனக்கு ஒரு குதூகலம். வாழைக்கன்று கட்டுவதாக இருந்தால் அடுத்த வருடம் சொல்லியனுப்புங்கள், நான் வந்து இடம் காட்டுகிறேன் என்றார் எஸ்தர். என்னிடம் இல்லை, திலகாவிடம்.

வெளியே வந்தோம். சாவி என் கையில். மன்னிப்புக் கேட்க மூன்று வரி தயார் செய்திருந்தேன், நகைச்சுவையோடு. திலகா முந்திக்கொண்டாள்.

"ரெண்டு வாட்டி அக்கா கால மடக்க முடியாம ஷேர் ஆட்டோல வந்துச்சு" என்றாள். கோபமாகக்கூட இல்லை.

தயார் செய்த மூன்று வரியும் போய்விட்டது. "தப்பு எம்மேலதான் திலகா. உம்மேல இல்ல, அந்த ஸ்பீட் பிரேக்கர் மேலயும் இல்ல" என்றேன். நான் சாவியை நீட்டினேன், இடது கையால்தான். "இன்னிக்கே நீ ஓட்டு. நேரா திருப்புட்குழி போயி அக்காவ பாத்துட்டு வரலாம். நான் பக்கத்துல உக்காந்துக்கினு, எங்க எங்க ஸ்பீட் பிரேக்கர் வருதுன்னு முன்னாடியே சொல்றேன்."

சாவியை வாங்கிக்கொண்டாள். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, பெல்ட்டைப் போட்டு, கண்ணாடியைச் சரி செய்தாள். நான் சுற்றி வந்து முன் கதவைத் திறந்தேன்.

"பின்னாடி உக்காருங்க."